தண்டலுக்கு மூன்று முடிவுகள்

எந்தக் கப்பல் எந்தத் தேதியில் வந்தது, எந்தப் புயலுக்கு எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று தூத்துக்குடியில் எங்கள் பகுதிக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரே விடை சொல்லி அலுத்துப்போய், என் நாவலுக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி. அதை ஓட்டும் தண்டல். ஒரு முடிவில் கரை திரும்புகிறார். இன்னொன்றில் தோணியோடு மூழ்குகிறார். மற்றொன்றில் மாலேயிலேயே தங்கிவிடுகிறார். மூன்றுக்கும் ஒரே அட்டை. எனக்கே அடையாளம் தெரியாதபடி பிரதிகளைக் கலந்து, கண்ணாடித்தாள் சுற்றித் தரும்படி அச்சகத்தில் சொன்னேன். வாசகர்கள் குழம்ப வேண்டும், டீக்கடையில் சண்டை போட வேண்டும் என்று ஆசை.

சண்டை என் வீட்டுக்கே வந்தது. அடுத்த தெருவில் இருக்கும் தண்டல் ஒருவர் சொன்ன கடலைத்தான் நாவலில் எழுதியிருந்தேன். முதல் பிரதியும் அவருக்கே கொடுத்தேன். அவர் மனைவி அதைப் படித்துவிட்டார். தண்டல் என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“என்னயக் கொன்னுபுட்டியளே அண்ணாச்சி! வெள்ளிக்கிழம தோணி புறப்படுது. இவ பையத் தர மாட்டேங்கா. நீங்க எழுதுனா தப்பாதுன்னு சொல்லுதா.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் போகலன்னா வேற தண்டல ஏத்திருவாக. இந்த சீசன் பூரா கரையில கெடக்கணும்.”

“திரும்பி வார முடிவும் இருக்கு.”

“அதக் குடுங்க முதல்ல.”

பிரதிக் கட்டைப் பிரித்தேன். முதலில் வந்தது மாலேயில் தங்கும் முடிவு. எட்டிப் பார்த்தவர், “இதக் காட்டுனா அவளே என்னயக் கொன்னுருவா” என்றார். அடுத்தது மூழ்கும் முடிவு. அதற்கடுத்ததும். கட்டில் முழுக்கக் கிழிந்த கண்ணாடித்தாள். அவர் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஒருவழியாகத் திரும்பி வந்தவரைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு ஓடினோம்.

அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

“ரெண்டும் நீங்க எழுதுனதுதானே? எத முதல்ல எழுதுனிய?”

தேதி விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் நின்று தண்டல் கண்ணைக் காட்டினார்.

“மூழ்குனதத்தான்.”

“இது?”

“கடைசியா. ஆடி மாசம்.”

“எதுக்கு எழுதுனிய?”

“அவர முங்க விட்டுட்டு எனக்குத் தூக்கம் வரல.”

அவர் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார். கூடவே பழைய பிரதியையும்.

“இத நீங்களே வச்சுக்கிடுங்க. வீட்டுல கெடக்கக் கூடாது.” பிறகு கணவரிடம் திரும்பி, “எதுத்த வீட்டுக்காரி வாங்குன பொஸ்தகத்துல அங்கனயே தங்கிட்டியளாமே?” என்றார்.

“ஏளா, அது அண்ணாச்சி எழுதுனது!” என்று சொல்லிக்கொண்டே தண்டல் தெருவில் இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தோணி போனது. அது திரும்ப வேண்டிய நாள் நேற்று. தண்டலின் கைபேசி தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. எந்திரக் கோளாறாயிருக்கும், சரக்கு இறக்குவதில் தாமதமாயிருக்கும் என்கிறார்கள். காலையிலிருந்து நான்கு தடவை பழைய துறைமுகம் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் தண்டல் வீட்டைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். வாசலில் அவர் மனைவி நிற்கிறார்.

“தோணி வந்துட்டா அண்ணாச்சி?”

“இன்னும் இல்ல.”

நான் செருப்பைக் கழற்றாமலே வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.