வெங்கடலட்சுமி நிறுத்திய இடங்கள்

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடைகள் இருந்தன. இடப்பக்கம் என்னுடைய ரேடியோ ரிப்பேர் கடை. வலப்பக்கம் அரங்கசாமியின் ரெக்கார்டிங் சென்டர். நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. அது என் தோள் உயரம்தான், அதனால் அவன் கடையில் ஓடிய பாட்டையெல்லாம் பதினோரு வருஷம் நானும் கேட்டேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். உனக்கு அந்த அருகதை கூடக் கிடையாது என்று என் மனைவி புவனா சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான்.

ஆட்கள் தங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அரங்கசாமி அவற்றைக் காலி கேசட்டில் ஏற்றிக் கொடுப்பான். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். ஆறு பாட்டு ஏற்றினால் கடைசியில் இரண்டு மூன்று நிமிஷம் மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அதைச் சும்மா விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு பாட்டைப் பாதி திணித்து அறுத்துவிடுவார்கள். அரங்கசாமி அந்த மிச்ச இடத்தில் தன் மனைவி பாடியதை வைத்தான். யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெங்கடலட்சுமி பீளமேட்டுக்காரர். நாயுடு வீடு, வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். அவர் பாடியதெல்லாம் அம்மாவிடம் கற்றுக்கொண்ட தெலுங்குப் பாட்டுகள். சாமிப் பாட்டா கல்யாணப் பாட்டா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெலுங்கு வராது. குரல் கனமாக இருக்கும், முதலில் கேட்பவர்கள் பாடுவது ஆணா பெண்ணா என்று யோசிப்பார்கள். அதையாவது பழகிக்கொள்ளலாம். பழகவே முடியாதது வேறொன்று. ஒரு வரி பாடுவார். பிறகு நிறுத்திவிடுவார். டேப் சிக்கிவிட்டது போலிருக்கிறது என்று நாம் எழுந்துபோய் பட்டனைத் தொடும்போது அடுத்த வரி வரும். அந்த வரிக்கும் முந்தின வரிக்கும் சம்பந்தமே இருக்காது. மறுபடியும் நிறுத்துவார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

எனக்கு மட்டும் அல்ல. பீளமேட்டுப் பெருமாள் கோயில் மார்கழி பஜனையில் ஒரு வருஷம் பாடவிட்டார்கள். மிருதங்கக்காரர் மூன்றாவது நிறுத்தத்தில் மிருதங்கத்தைக் கீழே வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்யத் தொடங்கினார். அடுத்த வருஷம் கூப்பிடவில்லை. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் அவர் நிறுத்திய நேரம் பார்த்து, பாட்டு முடிந்தது என்று நினைத்து, மைக்செட்டுக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெங்கடலட்சுமி கோபித்துக்கொள்ளவில்லை. "அவிங்களுக்குப் பழகலீங்கண்ணா. பத்துத் தடவ கேட்டாப் பழகிருமுங்க" என்றார்.

அரங்கசாமிக்கு அந்தப் பத்துத் தடவைக்கு வழி தெரிந்தது. எண்பத்தொன்பதில் வீட்டில் வைத்து இரண்டு கேசட் நிறைய அவரைப் பாடவைத்துப் பதிவு செய்தான். அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஊர்க்காரர்களின் கேசட் வாலில் சேர்த்தான். "ஊருல எல்லாருக்கும் புடிக்கோணும்னு நாங் கேக்கல பாலு" என்பான் என்னிடம். "ஒரே ஒரு ஆளு. இது யாரு பாடுனது, இன்னும் இருக்குதான்னு ஒரு ஆளு வந்து நின்னாப் போதும். அவ மொகத்தப் பாக்கோணும் அன்னிக்கு."

வந்து நின்றார்கள், வேறு காரணத்துக்காக. லாட்ஜ் மேனேஜர் அப்துல் வஹீது ஒரு நாள் காலையிலேயே வந்துவிட்டார். "ஏனுங்க அரங்கசாமி, கடைசீல ஒரு அம்மா என்னமோ கூப்புடுதுங்க. அப்பறம் சத்தத்தையே காணோம். என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு பயந்துபோட்டனுங்க. அத எடுத்துப்போட்டு வேற ஏதாச்சும் போட்டுக் குடுங்க."

அரங்கசாமி அதை அழித்துவிட்டுப் பாதிச் சினிமாப் பாட்டைப் போட்டுக் கொடுப்பான். இப்படி வாரத்துக்கு நான்கைந்து பேர். சனிக்கிழமைகளில் வெங்கடலட்சுமி மதியச் சாப்பாடு கொண்டுவருவார். தூக்குப்போசியை வைத்துவிட்டு, "யாராச்சும் வந்து விசாரிச்சாங்களா?" என்பார். "இன்னும் இல்ல" என்பான். "சரி, வருவாங்க" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்து வைப்பார். மூன்று வருஷம் இந்தப் பேச்சை நான் தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நடுவுல நடுவுல அந்தம்மா சும்மா நிக்கறாங்கல்ல, அதையெல்லாம் எடுத்துப்போடப்பா. பாட்டுன்னா ஓடோணும். எவன் காத்துட்டு உக்காந்திருப்பான்?"

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் டேப் டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, பதிவை இடையில் நிறுத்தும் பாஸ் பட்டன் சரியாக நிற்கவில்லை, பார்த்துக் கொடு என்றான். எதற்கென்று எனக்குத் தெரியும். புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் வெட்டினான். ஒரு டெக்கில் அவர் பாட்டு ஓடும், இன்னொன்றில் பதிவாகும். அவர் நிறுத்தியதும் பதிவை நிறுத்துவான், அடுத்த வரி தொடங்கும்போது விடுவான். பன்னிரண்டு நிமிஷப் பாட்டு ஐந்து நிமிஷம் ஆனது. போட்டுக் காட்டினான். வரிக்கு மேல் வரி விழுந்து, அந்தக் கனத்த குரல் மூச்சே விடாமல் மேலே மேலே போயிற்று. எனக்குப் பிடித்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு ஊர்க்காரர்களின் கேசட் வாலில் இதிலிருந்துதான் துண்டு போட்டான். அந்தத் தீபாவளிக்குக் காலி கேசட் சரக்கு வரவில்லை. கடையில் கூட்டம் நெரிந்தது. அரங்கசாமி பழைய கேசட்டுகளையெல்லாம் எடுத்து அவற்றின் மேலேயே பாட்டு ஏற்ற ஆரம்பித்தான். கேசட் அழியக்கூடாது என்றால் அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுவோம். மறுபடி பதிய வேண்டுமென்றால் அந்த ஓட்டையின் மேல் ஒட்டுக்காகிதம் ஒட்ட வேண்டும். வெங்கடலட்சுமியின் இரண்டு கேசட்டும் காது உடைத்தவை. அவன் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இனி இது எதுக்கு? நல்லதுதான் எடுத்து வெச்சாச்சே" என்றான். என்னிடம் கேட்டானா, தனக்குத்தானே சொன்னானா தெரியாது. ஒட்டுக்காகிதத்தை நான் தட்டிக்கு மேலாக நீட்டினேன்.

தை மாதம் அந்த ஒரு ஆள் வந்துவிட்டார். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த நஞ்சுண்டன். வெள்ளை வேட்டி, கையில் கேசட். "ஏனுங்க, இதுல கடைசீல ஒரு அம்மா பாடறாங்களே, அது யாருங்க? முழுசாக் கெடைக்குமுங்களா? கார்ல அதையே திருப்பித் திருப்பிப் போட்டுட்டிருக்கறனுங்க."

அரங்கசாமி அழுதுவிட்டான். மில்காரர் பயந்துபோனார். வருகிற புதன்கிழமை பதினோரு மணிக்கு வாருங்கள், அவர்களையே நேரில் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினான்.

புதன்கிழமை வெங்கடலட்சுமி கல்யாணப் புடவையில் வந்தார். தலையில் மல்லிகை, கையில் காபி பிளாஸ்க். டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்த புடவையைக் கடை வாசலில் நின்று நீவிவிட்டுக்கொண்டார். நாற்பது வயதில் ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷமாக நின்று நான் பார்த்ததில்லை.

நஞ்சுண்டன் கும்பிட்டார். "அம்மணி, பாட்டுன்னா அதுதானுங்க பாட்டு. ஒரு எடத்துல நிறுத்தறீங்களா? மூச்சு வாங்கறீங்களா? வெள்ளமாட்ட வருதுங்க!"

வெங்கடலட்சுமியின் சிரித்த முகம் அப்படியே இருந்தது. கண் மட்டும் புருஷன் பக்கம் திரும்பியது. அரங்கசாமி பெருமை தாங்காமல் கேசட்டைப் போட்டான். அவர் நின்றபடி கேட்டார். முதல் வரி முடிந்த இடத்திலேயே இரண்டாவது வரி வந்து விழுந்ததும், யாரோ தள்ளிவிட்டது போல ஒரு அடி பின்னால் வைத்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிஷமும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இது நானில்லீங்க" என்றார் மில்காரரிடம். பிறகு அரங்கசாமியிடம், "பழைய கேசட்டப் போடுங்க. இவரு அதக் கேக்கட்டும்."

அரங்கசாமி என்னைப் பார்த்தான். நான் பிரித்து வைத்திருந்த ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். "அதுல வேற பாட்டு ஏத்திப்போட்டேன் லட்சுமி" என்று அவன் சொன்னது கேட்டது.

பாவம், நஞ்சுண்டன் நல்ல மனுஷன். ஏதோ சரியில்லை என்று புரிந்து, சமாதானமாக, "கேசட்டு கெடக்குது உடுங்க. நீங்களே நேர்ல நிக்கறீங்களே, ஒண்ணு பாடுங்களேன் அம்மணி" என்றார்.

அவர் பாடினார். சந்தில் போனவர்கள் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். முதல் வரி முடிந்தது. நிறுத்தினார். வெளியே ஒரு கண்டக்டர் விசில் அடித்தார். நஞ்சுண்டன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, முடிந்துவிட்டது என்று நினைத்து, "அருமைங்க!" என்று கை தட்டினார். அடுத்த வரிக்குத் திறந்த வாயை வெங்கடலட்சுமி மூடிக்கொண்டார்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் மில்காரர்.

"அவ்வளவுதானுங்க" என்று சொல்லிவிட்டு அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

மில்காரர் போன பிறகு வெங்கடலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்தார். புருஷனோடு தெலுங்கில் பேசுகிறவர் அன்று தமிழில் பேசினார். எனக்கும் விளங்கட்டும் என்றுதான்.

"அதெல்லாம் ரெண்டு பேரு பாடற பாட்டுங்க. ஒரு வரி எங்கம்மா, ஒரு வரி எங்க சின்னம்மா. எனக்கு நாலு வயசிருக்கறப்ப சின்னம்மா போயிட்டாங்க. அதுக்கப்பறம் அம்மா அவிங்க வரியப் பாடவே இல்ல. 'அது அவ பாடறது'ம்பாங்க. சின்னம்மா பாடி முடிக்கற நேரம் நிறுத்திப்போட்டு, அப்பறந்தான் தன்னோட வரிய எடுப்பாங்க. நா அப்படித்தான் கத்துக்கிட்டேன். சின்னம்மா என்ன பாடுனாங்கன்னு எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் பாடுனாங்கன்னு மட்டுந்தான் தெரியும்."

அரங்கசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே லட்சுமி."

"ஏன் நிறுத்தறேன்னு பதினாலு வருசத்துல நீங்க ஒரு நாளும் கேக்கலீங்களே."

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. அரங்கசாமி டேப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கெஞ்சினான். "வரமாட்டீங்குதுங்க" என்றாராம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், புவனா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. சனிக்கிழமைச் சாப்பாடு வந்துகொண்டுதான் இருந்தது. யாராவது விசாரித்தார்களா என்ற கேள்வி வரவில்லை.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் மஞ்சள்காமாலை வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் அரங்கசாமி கடைக்கு வந்து, "பழசு யாராச்சும் வெச்சிருப்பாங்க பாலு" என்றான். வெட்டுவதற்கு முன்னால் ஊராரின் கேசட் வாலில் வைத்தானே, அந்தத் துண்டுகள். என் மொபெட்டில் அவனை ஏற்றிக்கொண்டு ஒரு மாதம் சுற்றினேன். தெரிந்த வாடிக்கையாளர் வீடெல்லாம் ஏறி இறங்கினோம். பிடிக்காதவர்கள் எல்லோரும் அப்போதே வந்து மாற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சோம்பேறித்தனத்தால் வராமல் இருந்தவர்கள் வீட்டிலேயே ரேடியோவிலிருந்து ஏதோ பதிந்து வைத்திருந்தார்கள். அப்துல் வஹீது ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட்டைக் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில், "நாந்தானுங்களே அன்னிக்கு வந்து அழிச்சுக் குடுங்கன்னேன்" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஊரில் இருந்ததில் முக்கால்வாசியை அழித்தது அரங்கசாமியின் கைதான், கேட்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாக.

அதற்கு அடுத்த வாரம், மதியம் இரண்டு மணி இருக்கும். அவன் பழையபடி இரண்டு டெக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்றில் வெட்டிய கேசட், இன்னொன்றில் புதுக் காலி கேசட். இந்தத் தடவை தலைகீழ் வேலை. ஒரு வரி முடிந்ததும் பாட்டை நிறுத்திப் பதிவை மட்டும் ஓடவிடுவான். எடுத்துப்போட்ட இடத்தைத் திருப்பி வைக்கப் பார்க்கிறான் என்று புரிந்ததும் என் கையில் இருந்த ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

வெங்கடலட்சுமி முதல் வரியைப் பாடினார். அரங்கசாமி பாட்டை நிறுத்தினான். விரலைப் பட்டனிலிருந்து எடுக்கவில்லை. காலி கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் பாலு?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு நேரம், அது மட்டும் தெரியும். பதினோரு வருஷம் கேட்டவன் நான்.

"அவ நிறுத்தறப்பெல்லாம் எப்படா முடியும்னுதான் உக்காந்திருந்தேன்" என்றான். "எவ்வளவு நேரம்னு ஒரு நாளும் பாக்கல."

அவன் விரலை எடுக்கவே இல்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பாட்டு ஏற்ற வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரம் சுற்றி, பக்கம் தீர்ந்து, பட்டன் டக்கென்று தானாக எழும்பியது. ஒரு வரியும், அதற்குப் பின்னால் சத்தமே இல்லாத மீதிப் பக்கமும். அரங்கசாமி அந்தக் கேசட்டை வெளியே எடுத்தான். ஸ்குரூ டிரைவரை வைத்து அதன் காதை உடைத்தான்.

நான் மேஜை மேலிருந்த ஒட்டுக்காகிதச் சுருளை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன்.