கடலுக்குப் போன கிணறு

காலை 7.40. மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினோம். குருக்கள்மடத்துக்கு ஆளுக்கு எண்பது ரூபாய். கூட வந்தவர் என் தங்கையின் கணவர் சுதன். கட்டாரில் பத்து வருடம் வெயில் காய்ந்துவிட்டு, கடற்கரையில்தான் வீடு என்று ஒற்றைக்காலில் நிற்கும் மனுஷன். ஆகஸ்டில் ஒரு காணி பார்த்து விலையும் பேசியாயிற்று. காணி உறுதி எழுதுவதுதான் பாக்கி. ஆனால் வீடு கட்ட அனுமதி கேட்ட விண்ணப்பம், கடல் அரிக்கும் இடம் என்று திரும்பி வந்துவிட்டது. அனுமதி கொடுக்கும் கந்தோரில் எனக்குத் தெரிந்தவரைப் பிடித்துக் காரியத்தை முடித்துத் தரவேண்டுமாம். முதலில் இடத்தைப் பார்ப்போம் என்றேன். தங்கை ஒரு வெறும் போத்தலைத் தந்து, காணிக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்காமல் அவள் காணிக்குச் சம்மதிக்கமாட்டாள்.

8.35. ஓட்டோவுக்கு இருநூறு. மழை விட்டு மூன்று நாள். வாவி வேலிகள்வரை ஏறி அசையாமல் கிடந்தது. கடற்கரையில் ஒரு சனம் இல்லை. ஆகஸ்டில் வேலியிலிருந்து அலைவரை தொண்ணூறு கவடு நடந்து எண்ணியிருந்தார் சுதன். இப்போது கடைசி வேலிக்கட்டை மணல் விளிம்புக்கு வெளியே, கம்பியில் தொங்கியது. கிணற்றைக் காணோம். அலைக்குள் ஏதோ சீமெந்துத் தூண் நின்றது. எங்கிருந்தோ 'ஊ...' என்று யாரோ கூப்பிடுவதுபோல ஒரு சத்தம்.

பக்கத்துக் காணியில் வலை உலர்த்திய பெண்ணிடம் போனோம். பாக்கியம் என்று பெயர்.

"இங்க ஒரு கொட்டுக் கிணறு இருந்துதே, அக்கா?"

"அது கடலுக்குப் போயிட்டு மனே."

தோணியோடு போன புருஷனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லி, கையை நீட்டினார். அந்தத் தூண்! சுற்றியிருந்த மண் போய், சீமெந்து வளையங்களான கொட்டுகள் மட்டும் அடுக்கியபடி நின்றன. கிணற்றின் வாயில் காற்றடித்துத்தான் அந்தச் சத்தம். நாலு மாதத்துக்கு முன் சுதன் அதில் தண்ணீர் அள்ளி முகம் கழுவியிருக்கிறார்.

"எனக்கும் இப்படி மூணு கிணறு போயிட்டு. தெக்கால விடுதிக்காரர் தன்ட மதிலக் காக்கக் கடலுக்குள்ள கல்லுப் போட்டாரு. மதில் நிக்கிது. கல்லு மறிக்கிறதால மண்தான் இங்கால வாறல்ல. நீங்களும் வீட்டக் கட்டினா கல்லுப் போடுவீங்கதானே? புறகு என்ட நாலாவது கிணறும் வெளிக்கிடும்."

அவர் வீட்டின் பின்னால் அந்த நாலாவது கிணறு வாளியோடு நின்றது. கந்தோர்க்காரரின் நம்பர் என் சட்டைப் பையில் கிடந்தது, வெட்கமாக இருந்தது. அனுமதி மறுப்பது நம் வீட்டைப் பற்றிய கவலை என்றே நினைத்திருந்தேன். பாக்கியத்தின் வாளி என் கணக்கில் இருக்கவே இல்லை.

10.15. திரும்பும் பஸ். ஜன்னலோரம் சுதன்; மடியில் மூடியில்லாத போத்தல். பஸ் வேகமெடுத்ததும் அது 'ஊ...' என்றது. அதே சத்தம். சுதன் பெருவிரலால் போத்தல் வாயை அடைத்துக்கொண்டார்.

"கந்தோரில ஒண்டும் கதைக்க வேணாம், மச்சான்," என்றார் ஆரையம்பதி வந்தபோது.

வீட்டு வாசலில் நுழைந்ததும் என் கண் முதலில் எங்கள் கிணற்றைத் தேடியது. இடத்தில்தான் இருந்தது. தங்கை ஓடிவந்தாள்.

"தண்ணி எங்க?"

"கிணறு கடலுக்குப் போயிட்டு," என்றார் சுதன்.

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். "அப்ப எத்தின மணிக்குக் கரைக்கு வருமாம்?"

சுதன் போத்தலிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.