கிரேன் பாயும் நான்கு வெள்ளைக்காரர்களும்

புது டிவிடியில் அந்தப் பாடகனுக்கு முன்பல் ஒன்று உடைந்திருப்பது தெரிகிறது. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம், எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. அப்போது எங்களிடம் இருந்தது பிளாட்பாரத்தில் வாங்கிய விசிடி. அதில் அவன் முகமே ஒரு மஞ்சள் திட்டுதான். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை செய்யும் என் மச்சான் போன மாதம் விடுமுறைக்கு வந்தபோது, அட்டைப்பெட்டி போட்ட இந்தப் புதுத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். பழைய பிலிமைத் தேடி எடுத்து, அழுக்கும் கீறலும் நீக்கி, ஒலியையும் துலக்கிப் போட்டிருக்கிறார்களாம். பெட்டியைக் கையில் வாங்கியதும் எனக்கு அந்த வெள்ளைக்காரர்கள் ஞாபகம் வரவில்லை. கிரேன் பாய்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் இல்லையென்றால் எவ்வளவு துலக்கிய ஒலியாக இருந்தாலும் எனக்கு வெறும் படம்தான். படம் பார்க்க ஆள் மிஞ்சியிருப்பேனா என்பதே சந்தேகம்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் வேலை செய்தோம். பெயர் வேண்டாம், இப்போது மூடிக் கிடக்கிறது. உலையில் சிவந்த இரும்புக் கட்டை உருளைகளுக்கு நடுவே ஓடிக் கம்பியாக நீளும். நீண்டதை ஒரு ரம்பம் வெட்டும். அந்த ரம்பத்திலிருந்து பத்தடி தூரத்தில் என் இடம். வெட்டி அடுக்கிய கம்பிக்கட்டில் சங்கிலி மாட்டி, கையைக் காட்டினால், மேலே கிரேனில் உட்கார்ந்திருக்கும் பாய் தூக்குவார். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அவர் காலால் மணியை மிதிப்பார். மணி கேட்டதும் கீழே நிற்பவன் விலகி நின்று கையை உயர்த்த வேண்டும். கை உயர்ந்தால்தான் சுமை உயரும். ரம்பத்தின் சத்தத்தைப் பற்றி என்ன எழுதினாலும் அது எழுத்துதான். காதில் வைக்க எங்களுக்குக் கொடுத்தது மிஷின் துடைக்கும் கழிவுப் பஞ்சு. அதைக் கொடுத்துவிட்டு, பாதுகாப்புக் கருவி வழங்கியாயிற்று என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள் படித்த அயோக்கியர்கள்.

பாய் பழவேற்காட்டுக்காரர். வீட்டில் எல்லாரும் கருவாடும் இறாலும் வியாபாரம் செய்ய, இவர் மட்டும் இரும்புக்குப் பின்னால் வந்துவிட்டார். மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள அந்தத் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு மில்லுக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை. எங்களுக்கு வெள்ளி. ஜும்மா தொழுகை முடித்து அவர் வந்ததும், அவருடைய வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம்: அவர், நான், உலைக்காரர், இன்னொரு சங்கிலிக்காரன். சாப்பாடு, பிறகு சினிமா. அப்படி ஒரு வெள்ளிக்கிழமைக்காக, அட்டையில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கும் விசிடியைச் சென்னையில் வாங்கி வந்தார். போட்டால் சண்டையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. தலைமுடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரர்கள் மேடையில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பாய், ஏமாந்துகினு வந்துட்ட?" என்றார் உலைக்காரர்.

"இர்ரா. காசு குடுத்துக்கிறேன், சுட்டாலும் சுடுவானுங்கோ" என்றார் பாய்.

கடைசிவரை யாரும் சுடவில்லை. ஆனாலும் அடுத்த வெள்ளியும் அதையே போட்டார். எங்களில் எவனுக்கும் ஆங்கிலம் தெரியாது. எங்களுக்குப் பிடித்தது அவர்கள் வேலை செய்த விதம். அத்தனை சத்தத்தில் ஒருவனோடு ஒருவன் பேச முடியாமல், தலை அசைத்தும் கண் காட்டியும் சேர்ந்து நிறுத்துகிறார்கள், சேர்ந்து தொடங்குகிறார்கள். எங்கள் மில்லிலும் அப்படித்தான். அதனால் அவர்களுக்கு எங்கள் ஆட்களின் பட்டப்பெயர்கள் வைத்தோம். பாடுகிறவன் யூனியன் தலைவர். டிரம்ஸ் அடிப்பவன் சம்மட்டி. கிதாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுபவன் மாப்பிள்ளை. ஓரத்தில் தடித்த கம்பி போட்ட கிதாரோடு அசையாமல் நின்ற நான்காமவனிடமிருந்து எந்தச் சத்தமும் வருவதாகத் தெரியவில்லை. அவனுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். "பாரு, ஓபி அட்ச்சிகினே கீறான்" என்று ஒவ்வொரு வாரமும் திட்டுவோம்.

படத்தின் நடுவில் ஓர் இடம் வரும். எல்லாம் திடீரென்று அடங்கிவிடும். சம்மட்டி குச்சி நுனியால் ஜால்ரா போன்ற ஒரு சின்னத் தகட்டை ஒரே ஒரு முறை தொடுவான். டிங் என்று ஒரு சத்தம். பிறகு மறுபடி இடி. அந்த டிங் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும், கடைசியாகத் தூக்குகிறவன் டீக்கடைக்குப் போக வேண்டும் என்று பாய் ஒரு பந்தயம் வைத்தார். நான் ஒரு வாரம்கூடத் தோற்றதில்லை. எப்போதும் நான்தான் முதல். "இவனுக்குப் பாம்புக் காதுடா" என்பார் பாய். எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த இடத்துக்குச் சற்று முன்னால் தட்டு மாட்டிக்கொண்டது. பாடகன் வாயைத் திறந்தபடி படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாயைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மற்ற மூவரின் கைகளும் மேலே இருந்தன.

"உனுக்குக் கேக்கல?" என்றார் பாய்.

"படமே நின்னுபூட்ச்சு பாய், எங்கேர்ந்து கேக்கும்?"

மற்ற இருவரும் கைகொட்டிச் சிரித்து, போடா டீக்கு என்றார்கள். பாய் சிரிக்கவில்லை. நான் இத்தனை நாளும் சத்தத்தைக் கேட்டுக் கை தூக்கவில்லை, குச்சியைப் பார்த்துத் தூக்கியிருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கே அது அதுவரை தெரியாது. கண் முந்திக்கொண்டு செய்கிற வேலையைக் காது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஷிப்டில் நான் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். பாய் மணியை மிதித்திருக்கிறார். கிரேனை அசைக்காமல், மணியை மட்டும். மறுபடி மிதித்திருக்கிறார். பக்கத்துக் கம்பிக்கட்டருகே நின்ற சங்கிலிக்காரன் திரும்பிப் பார்த்தானாம். நான் நிமிரவில்லை. யாரோ தோளைத் தொட்டதும் பார்த்தால் பாய் என் எதிரே நிற்கிறார். ஷிப்ட் நடுவில் கிரேன்காரர் தரையில் நிற்பதை அந்த மில்லில் யாரும் பார்த்ததில்லை. கம்பி குவிந்தது, உருளையை நிறுத்தினார்கள், ரம்பத்தை நிறுத்தினார்கள். மொத்த ஷிப்டும் கூடிவிட்டது.

"இவன் கீய நின்னா நான் தூக்கமாட்டேன்" என்றார், எல்லார் முன்னாலும்.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "இன்னா பாய், எம் பொயப்புல மண்ணப் போட்றியா?"

"போடத்தான் நைனா எறங்கி வந்துக்கிறேன். ரெண்டு டன்னு கம்பிய உம்மேல போட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட வூட்டுக்குப் போய் சோறு துன்றது?"

மேலாளர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தோன்றிய ஒரே வழி, செவிடனைக் கணக்கு முடித்து வெளியே அனுப்புவது. பாய் அதற்கும் விடவில்லை. "கீய நிக்கக் கூடாதுன்னேன் சார், வெளிய அனுப்புன்னு சொன்னனா? ரம்பம் பக்கத்துல நிக்க வெச்சு காத எட்த்துகினது யாரு? கேட்டாண்ட லாரி பாக்குற வேல காலியாக் கீது. அதுல போடு. அதுவரிக்கும் நான் மேல ஏற மாட்டேன்." உலை எரிந்துகொண்டிருந்தது, எண்ணெய் வீணாகிக்கொண்டிருந்தது. இன்னொரு கிரேன்காரர் அன்று இல்லை. மதியத்துக்குள் என்னை வாசல் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

எனக்கு நன்றி எதுவும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரைக் கூட்டிச் செவிடன் என்று சொன்னார். கேட் வேலை என்பது முட்டி போன கிழவர்களுக்குக் கொடுப்பது. நான் கல்யாணமாகி மூன்று மாதம் ஆனவன். அவர் செய்த விதம் சரியில்லை என்று இன்றும் சொல்வேன், அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "தனியாச் சொன்னா நீ கேட்டுருப்பியா?" என்றார். கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் பிடிவாதமாக என்னை மின்சார யூனிட் ரயிலில் ஏற்றிச் சென்னையில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப் போனார். போகும்போதும் வரும்போதும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அங்கே காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். மளமளவென்று அழுத்தினேன். மிஷினைத் திருகிய பெண், என் கண் தன் விரல்களிலேயே இருப்பதைப் பார்த்தார். எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அதற்குப் பிறகு நெடுநேரம் நான் எதையும் அழுத்தவில்லை. மெல்லிய கூர்மையான சத்தங்கள் போனது போனதுதான், திரும்பாது என்றார் டாக்டரம்மா. மிச்சம் இருப்பது ஒரு மனிதன் குடும்பம் நடத்தப் போதும். ஆனால் அந்த இரைச்சலில் இன்னும் இரண்டு வருடம் நின்றால் அதுவும் இருக்காது. பாய் அவரிடம், "இப்ப கேட்டாண்ட கீறான் மேடம், அங்க ஓகேவா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அதன் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் நான் போகவில்லை. கேட்டில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் மகள் பிறந்த அன்று பொன்னேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகை கேட்டது. நர்ஸ் வெளியே வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து நேராக பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "கொயந்த அய்துச்சு பாய், வெளியவே கேட்டுச்சு" என்ற மாதிரி ஏதோ உளறியிருப்பேன். அவர் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு, குழந்தையைப் பார்க்க என்னோடு கிளம்பிவிட்டார்.

அந்தப் புதுத் தட்டைப் பார்க்க, போன வாரம் பழவேற்காட்டிலிருந்து, பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மில் மூடும்வரை கிரேனிலேயே இருந்துவிட்டு, இப்போது அண்ணன் மகனோடு ஐஸ் வியாபாரத்தில் இருக்கிறார். படத்தைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார். "இன்னாடா இது, சாந்து பூசுன மாரி. பயசுதான் நல்லாக் கீது." பாடகனின் பல்லைக் காட்டினேன். "ஐயே, யூனியன் லீடருக்கு எவனோ குத்து வுட்டுக்கிறான்" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

பாட்டு ஓட ஓட எனக்கு ஒன்று பிடிபட்டது. எல்லாப் பாட்டுக்கும் அடியில் தரை அதிர்வது போல ஒரு கனத்த ஒலி போய்க்கொண்டே இருந்தது. விசிடியில் அது இல்லவே இல்லை. சூப்பர்வைசரின் விரல்களைப் பார்த்தேன். அந்த ஒலி அவனுடையது. பாவம், ஒரு நிமிடம்கூட அவன் சும்மா நிற்கவில்லை. மற்ற மூவரும் அவன் மேலேதான் நிற்கிறார்கள். கனத்த ஒலி என் காதுக்கு மிச்சமிருந்தது, கேட்டேன். பாய்க்குச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

எல்லாம் அடங்கும் இடம் வந்தது. சம்மட்டியின் குச்சி தகட்டைத் தொட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்காது என்று தெரியும். பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் தாண்டி மறுபடி இடி தொடங்கியபோது என் பக்கம் திரும்பி, "இன்னும் அந்த டிங்கு வர்ல?" என்றார்.

அப்போது சமையலறை வாசலிலிருந்து என் மகள், "பெரியப்பா, டீயா காபியா?" என்று கேட்டாள். அவள் மெதுவாகப் பேசுகிற பெண். பாய் அசையவில்லை. மறுபடி கேட்டாள். அப்போதும் அவர் தலை ஆட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்காக அவர் அத்தனை உயரத்திலிருந்து இறங்கி வந்தார். அந்த இரைச்சல் எல்லாம் மேலே ஏறி அவர் கூண்டைத்தான் நிறைத்திருக்கும். அங்கே மணியை மிதிக்கிறவரும் அவரே. அவருக்கு மணி கேட்கிறதா என்று பார்க்க ஒருத்தன் இல்லை.

"டீ" என்று மகளிடம் நான் சொன்னேன். படத்தை நிறுத்தினேன்.

"ஏன்டா நிறுத்துன?"

அவர் எதிரே போய், என் வாய் அவருக்குத் தெரியும்படி நின்று, நாளைக் காலை ரயிலுக்குச் சென்னைக்குப் போகிறோம் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, தனக்கு நன்றாகக் கேட்கிறது என்றார். நான் ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

என்னை முறைத்தார். "சரி, வர்றேன். மொதல்ல படத்தப் போடுடா, பேமானி" என்றார்.