கொடிகாமத்தில் பெய்த உரும்பிராய் மழை

உள்ளறையில் தகரப்பெட்டியின் மூடி படீரென்று விழுந்தது. முன்னறையில் தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோன வித்தியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"பயப்பிடாதை பிள்ளை," என்றாள் மகாதேவி, கணவன் நின்ற உள்ளறையைக் காட்டி. "உவர் மழையைத் தேடுறார்."

வித்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. மழையைத் தேடித்தான் அவளும் கரவெட்டியிலிருந்து உரும்பிராய்க்கு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் புவியியல் ஆய்வு மாணவி. நாற்பது ஆண்டு மழைவீழ்ச்சி எப்படி மாறியிருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. குடாநாட்டில் அவள் தேடியெடுத்த பதிவுகள் எல்லாம் யுத்த காலத்தில் அறுந்து அறுந்து கிடந்தன. அறாமல் கிடைத்தது ஒன்றே ஒன்று. அது இந்த வீட்டு ஏரம்புவின் பதிவு. அதை நம்பியே ஆய்வு முழுவதையும் எழுதி முடித்துவிட்டாள். அடுத்த மாதம் கையளிக்க வேண்டும்.

ஏரம்பு படித்த மனிதர் அல்ல. பாடசாலை ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் கழுவி ஓய்வு பெற்றவர். 1984இல் ஓர் அதிகாரி வந்து அவருடைய வீட்டு வளவில் ஒரு மழைமானியை நட்டுவிட்டு, காலை எட்டரைக்கு அளந்து எழுதும்படி சொல்லிப் போனார். சம்பளம் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து எட்டரை மணி ஏரம்புவுக்குப் பூசை நேரம் ஆகிவிட்டது. செத்த வீட்டிலிருந்தும் எழுந்து வந்து அளந்திருக்கிறார். சொந்தத் தங்கையின் கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் மழைமானிக்குப் பக்கத்தில் நின்றவர் என்று மகாதேவி இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. ஒரு நாளும் தவறாத பதிவாளர் என்று அதில் அச்சடித்திருந்தது. விருந்தாளி யார் வந்தாலும் அவர் கண் முதலில் அங்கே போகும், பிறகுதான் விருந்தாளியிடம் வரும்.

இன்றைக்கு மட்டும் அவர் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரணம், வித்தியா கொண்டுவந்த கடிதம். அவளுடைய பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முடிவில் இராணுவம் நெருங்க, உரும்பிராயோடு வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெறுமையானதே, சனம் திரும்பி வரும்வரை அந்த ஆறு மாதமும் உரும்பிராயில் மழையை அளந்தது யார்? மழைமானி இடம் மாறவில்லை என்று ஏரம்பு கையெழுத்திட்டுத் தந்தால் போதும். கடிதம் தட்டச்சுச் செய்து ஆயத்தமாக மேசையில் இருந்தது.

அந்த வருடத்து மழைக் கணக்குக் கொப்பியை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனவர், அதை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார். சுவருக்கு அப்பால் மகாதேவியின் குரல் கேட்டது. பதினொரு வருடம் காத்திருந்து தரித்த பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்ததை அவள் வித்தியாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சைக்கிள் கரியரில் அவள். ஹாண்டிலில் ஒரு பக்கம் உடுப்புப் பை.

மறுபக்கம் என்ன தொங்கியது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுபக்கம் மழைமானி தொங்கியது. கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் இடம் கொடுத்த வளவில், மரநிழல் படாத இடம் பார்த்து அவர் அதை நட்டார். மறுநாள் காலை எட்டரைக்கு அளந்தார். கொப்பியின் தலைப்பில் கை தானாக 'உரும்பிராய்' என்று எழுதிற்று. ஒரு கிழமையில் வீட்டுக்குப் போய்விடுவோம் என்றுதான் நினைத்தார். கிழமை மாதமாயிற்று. ஒரு நாள் தலைப்பை மாற்றிக் 'கொடிகாமம்' என்று எழுதப் பேனாவை எடுத்தார். அதை எழுதினால் ஊர் போய்விட்டது என்று அவரே ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடாதா? எழுதாமல் விட்டார். திரும்பி வந்த பிறகு சான்றிதழ் வந்தது. அதற்குப் பிறகு வாய் திறக்க வெட்கம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். வித்தியா கொப்பியை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"அந்த நேரம் ஊரிலை ஆராவது நிண்டு அளந்தவையோ ஐயா?"

பக்கத்து வீட்டுக் குகதாசன் இடம்பெயராமல் நின்றவர். செத்துப் பதினைந்து வருடம். 'ஓம், அவர்தான்' என்று ஒரு சொல் சொன்னால் யாரும் போய் அவரைக் கேட்கப் போவதில்லை. சான்றிதழ் சுவரில் இருக்கும். இந்தப் பிள்ளையும் பட்டம் வாங்கிவிடும்.

"இல்லைப் பிள்ளை," என்றார் ஏரம்பு. "நான்தான் அளந்தனான். ஆனா இஞ்சை இல்லை. கொடிகாமத்திலை."

வித்தியாவின் விரல் கொப்பியின் மேல் அப்படியே நின்றது. அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் வாடியது. நாற்பது ஆண்டு அறாத தொடர் என்று ஆய்வின் முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். கணக்கெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்த மாதம் கையளிக்க முடியாது. எத்தனை மாதம் பிந்தும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மகாதேவி கணவனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவர் மழைமானியைக் கொண்டுபோனது அவளுக்குத் தெரியும். தலைப்பில் என்ன எழுதினார் என்பது தெரியாது.

"நான் பிள்ளையைக் கொடிகாமத்திலை பெத்தனான்," என்றாள். "நீங்கள் மழையை மட்டும் உரும்பிராயிலை பெய்ய விட்டிருக்கிறியள்."

வித்தியா கண் கலங்கியபடியே சிரித்துவிட்டாள். ஏரம்பு சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி, மேசையில் கவிழ்த்து வைத்தார். சட்டம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது.

அவள் கொப்பியைத் திறந்தாள். தாள்கள் பழுத்திருந்தன. நவம்பர் இருபத்திரண்டு, மழை 94.6 மில்லிமீற்றர். குறிப்புப் பகுதியில் பென்சிலால், 'மகன் பிறந்தான். காலை 8.10' என்றிருந்தது. மகன் பிறந்து இருபது நிமிடத்தில் மழையில் இறங்கி அளந்திருக்கிறார் இந்த மனிதர். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஒரு நாள்கூட விடுபடவில்லை.

அவள் சான்றிதழை நிமிர்த்தித் தன் சால்வையால் தூசி தட்டினாள்.

"நாள் ஒண்டும் தவறேல்லைத்தானே ஐயா. இதிலை இடத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

அவளே எழுந்து அதைப் பழைய ஆணியில் மாட்டினாள். பிறகு கடிதத்தில் தட்டச்சுச் செய்த வரியை வெட்டி, ஆறு மாதம் மழைமானி கொடிகாமத்தில் இருந்தது என்று தன் கையால் எழுதினாள். அந்தக் காலத்துக் கொடிகாமத்து மழைப் பதிவு தன் கையில் அறவே இல்லை, இதைத் தனி அட்டவணையாகப் போடலாம் என்றாள். பேராசிரியரிடம் பேச்சு வாங்க வேண்டி வரும் என்பதையும் மறைக்கவில்லை. ஏரம்பு கையெழுத்திட்டார்.

மகாதேவி ஒரு பையில் மாங்காய் போட்டுக் கொடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டியபடி வித்தியா மகனைப் பற்றிக் கேட்டாள். சுபாங்கன் கனடாவில் இருப்பதாகவும், பிறந்தநாளுக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் 'என்ரை மழை எவ்வளவு அப்பா' என்று கேட்பான் என்றும் ஏரம்பு சொன்னார்.

"இந்தமுறை இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "நான் வாறன் ஐயா. வாறன் அன்ரி."

அவளுடைய ஸ்கூட்டி ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள். பின்னேர வெயில் வாசற் படலையைத் தாண்டி உள்ளே விழுந்தது. மகாதேவி கணவனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஏரம்பு கதவைச் சாத்தினார்.