பிளேடின் தடிமன் பூஜ்யம் என்று கொள்க

அரம் முன்னால் போகும்போது மட்டும் கடித்தது. இடது கை விரல்கள் இரும்புக் குழாயின் வெட்டு வாயைச் சுற்றி ஓடின. பிசிறு தட்டுப்பட்ட இடத்தில் வலது கை இன்னும் இரண்டு தள்ளு தள்ளியது. பிறகு சாக்பீஸால் முனையில் 1240 என்று எழுதி, அலமாரியில் 1215க்குப் பக்கத்தில் செருகியது. வெட்டிய மிச்சம்தான். ஆனால் அந்தக் கைகள் பத்தொன்பது வருஷமாக எந்த மிச்சத்தையும் குப்பையில் போட்டதில்லை.

பொறியியல் கல்லூரிப் பணிமனையில் அவளை எல்லாரும் மில்லி அக்கா என்பார்கள். பெருக்குகிற வேலைக்கு வந்தவள். மற்றவர்கள் வெட்டியது எத்தனை மில்லிமீட்டர் தவறு என்று பெருக்கிக்கொண்டே சொல்லி வந்தாள். ஒருநாள் கோபத்தில், "அப்ப நீயே வெட்டேன்" என்றார்கள். அன்றிலிருந்து வெட்டு இயந்திரம் அவளுடையது. துடைப்பத்தையும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

துறைத்தலைவர் அலமாரியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "இந்தக் குப்பையெல்லாம் எடும்மா. திங்கக்கிழமை பயிற்சி. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"எங்க சார் வைக்கிறது?"

"கண்ணுல படாத எடத்துல."

அவள் சொன்னபடியே வைத்தாள்.

பயிற்சியின் பெயர் 'பொறியியல் ஆய்வாளர்களுக்கான கணித மாதிரியாக்கம், உகப்பாக்கம்: ஐந்து நாள் தீவிரப் பயிற்சி'. பெயரே பதாகையை அடைத்துக்கொண்டதால் தேதிக்கு இடமில்லை. பணிமனையின் ஒரு பாதியைத் திரைபோட்டு மறைத்து, பலகை மேடை போட்டு, மண்டபம் என்றார்கள். நாற்பது ஆய்வாளர்கள், நாற்பது பை, நாற்பது பேனா. ஐந்து பேர் தொடங்கிவைத்தார்கள். ஐந்தாமவர் நேரத்தை வீணாக்காமல் இருப்பது பற்றிப் பேசி முடித்தபோது மணி ஒன்றரை. தீவிரமாக நடந்தது தேநீர் இடைவேளைதான்.

வெளியிலிருந்து வந்த பேராசிரியர், இருப்பதை வைத்து ஆகச்சிறந்த முடிவை எட்டுவதே உகப்பாக்கம் என்றார். அதைக் காட்ட அவருக்கு ஒரு நிஜப் பிரச்சினை தேவைப்பட்டது. அது ஓர் ஆராய்ச்சி மாணவியிடம் இருந்தது.

நிலநடுக்கச் சோதனைக்கு அவள் ஒரு சட்டகம் செய்யவேண்டும். 1800 மில்லிமீட்டரில் எட்டுத் துண்டு, 1200இல் எட்டு, 1000இல் பன்னிரண்டு. கிடங்கில் ஆறு மீட்டர்க் குழாய் ஆறே ஆறு. புதிது வர ஆறு வாரம் ஆகும். குலுக்கு மேடையில் அவள் முறை சனிக்கிழமை காலை. தவறினால் அடுத்த முறை எட்டு மாதம் கழித்து. அவளுடைய ஆராய்ச்சிக் காலம் முடிய இருந்ததோ மூன்றே மாதம்.

செவ்வாய்க்கிழமை நாற்பது பேரும் சேர்ந்து சமன்பாடு எழுதி, கழிவைக் குறைக்கும்படி கணினிக்குச் சொன்னார்கள். 'எதையும் வெட்டவேண்டாம், கழிவு பூஜ்யம்' என்றது கணினி. துண்டுகள் வேண்டும் என்பதைச் சொல்ல மறந்திருந்தார்கள். அதையும் சேர்த்த பிறகு புதன்கிழமை விடை வந்தது. நான்கு குழாயில் 1800 இரண்டு, 1200 இரண்டு. மீதி இரண்டு குழாயில் 1000 ஆறாறு. இப்போதும் கழிவு பூஜ்யம். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

கடைசி வரிசையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த மில்லி அக்கா கையைத் தூக்கினாள். "பிளேடு மூணு மில்லி தின்னுடும் சார்."

பேராசிரியர் சிரித்தார். "ஆறாயிரத்துல மூணுதானேம்மா!"

"ஒவ்வொரு வெட்டுக்கும் மூணு சார்."

அவர் பெருந்தன்மையானவர். அடுத்த படத்தில் 'எடுகோள் நான்கு: பிளேடின் தடிமன் பூஜ்யம் என்று கொள்க' என்று சேர்த்துவிட்டார். பிளேடுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

மாணவி வெளியே வந்து மில்லி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கும் புரியுது. ஆனா துறைத்தலைவர்தான் என் வழிகாட்டி. நான் வாயத் தொறந்தா அவரு கையெழுத்து போடமாட்டாரு."

"நீ தொறக்காத. டேப்பு தொறக்கும்."

மில்லி அக்கா வீட்டில் தையற்காரக் கணவரிடம் சொன்னாள். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "தையலுக்கு விடாம துணி வெட்டுறானா? அந்தச் சட்டைய அவனே போட்டுக்கட்டும்."

"அது அந்தப் பொண்ணோட சட்டைங்க."

வெள்ளிக்கிழமை திரையை விலக்கி, எல்லார் முன்னிலையிலும் முதல் குழாய் இயந்திரத்தில் ஏறியது. பேராசிரியர் மேடையில் நின்று வர்ணனை செய்தார். 1800, 1800, 1200 சரியாக வந்தன. கடைசித் துண்டு 1191.

"டேப் தப்பு" என்றார் பேராசிரியர்.

இரண்டாவது டேப்பும் 1191 என்றது. பயிற்சிப் பையில் கொடுத்த டேப் 1188 என்றது. அதை உடனே பைக்குள் வைத்துவிட்டார்கள்.

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "அறிக்கையில இத வருங்கால ஆய்வுக்கான வாய்ப்புன்னு போட்டுடலாம்."

"நாளைக்குக் காலைல எனக்கு வருங்காலமே இருக்காது சார்" என்றாள் மாணவி. சொன்ன பிறகுதான், தான் வாயைத் திறந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

மில்லி அக்கா மேடைப் பக்கம் போனாள். "சார், கொஞ்சம் எறங்குறீங்களா?"

"எதுக்கு?"

"குப்பை மேல நிக்கிறீங்க."

பலகையைத் தூக்கினாள். ஐந்து நாளாக அவர் நின்று பேசிய இடத்துக்கு அடியில் துண்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன, முனையில் சாக்பீஸ் எண்ணோடு. அதே குழாய், அதே கனம். 1215, 1240, 1260, 1302 ஆகிய நான்கையும் உருவினாள். துறைத்தலைவர் மேற்கூரையைப் பார்த்தார்.

"நாலு குழாய்லயும் ஒரு 1200 குறையும். அதுக்கு இந்த நாலு. 1000ல ரெண்டு குறையும். அதை 1191லேருந்து எடுத்துக்கலாம்" என்றாள்.

"இதெல்லாம் நம்ம கணித மாதிரியிலேயே இல்லியே!" என்றார் பேராசிரியர்.

"மேடைக்கு அடியில இருந்துச்சு சார்."

அந்தப் பக்கம் சான்றிதழ் வழங்கும் விழா தொடங்கியது. இந்தப் பக்கம் அவள் வெட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயரை வாசிக்கும்போதும் பிளேடு ஓர் அலறல் அலறியது. யாருடைய பெயரும் யாருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லாரும் போய் வாங்கிக்கொண்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் இருபத்தெட்டுத் துண்டுக்கும் அரம் போட்டு, கம்பியால் மூன்று கட்டாகக் கட்டினாள். பிளேடு தின்று துப்பிய இரும்புத்தூளைப் பெருக்கிப் பழைய பிஸ்கட் டப்பாவில் அள்ளினாள். மாணவி தள்ளுவண்டியோடு வந்தாள்.

"கையெழுத்து?" என்று கேட்டாள் மில்லி அக்கா.

"போடுவாராம். நன்றியுரையில பேராசிரியர் பேரையும் சேக்கச் சொன்னாரு."

"சேத்துக்கோ. எண்ணிப் பாத்து எடு."

மாணவி எண்ணினாள், அளந்தாள், மறுபடியும் எண்ணினாள். இருபத்தெட்டும் சரி. மில்லி அக்கா மூன்று கட்டையும் வண்டியில் ஏற்றி, மேலே டப்பாவை வைத்தாள்.

"இது என்னக்கா?"

"உங்க பேராசிரியர்கிட்ட குடு. பூஜ்யம், பாத்துப் பிடிக்கச் சொல்லு. கனமா இருக்கும்."