கிராம்பு பார்க்கப் போகிறவளின் பெட்டி

மட்டாஞ்சேரி கிராம்புக் கிடங்கில் பொன்மணியின் மூக்குக்குத் தனி மரியாதை உண்டு. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் போதும், ஈரம் கோத்துப் பூசணம் தொடங்கியிருப்பதைச் சொல்லிவிடுவாள். அந்த மூக்கைக் காப்பாற்றத்தான் பத்தொன்பது வருஷமாக வேலை நாளில் பூ வைப்பதில்லை, பவுடர் பூசுவதில்லை. போன வருஷம் மடகாஸ்கரிலிருந்து வந்த சரக்கில் பாதி கெட்டிருந்தது. அதனால் இந்த முறை அங்கேயே பார்த்து வாங்க முதலாளி அவளையே அனுப்புகிறார். பத்து நாள். அவள் கோட்டை விட்டால் அப்புறம் அவள் மூக்கை யாரும் நம்பப்போவதில்லை.

பெட்டியை அடுக்கியது அவள் கணவன் ஆனந்தகுமார். எர்ணாகுளத்து ஹோட்டல் ஒன்றில் துணி தேய்த்து மடிப்பது அவன் வேலை. அவளைக் கிட்டவே விடவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, பற்பசையை வைக்கலாமென்று பெட்டியைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"என்னங்க இது?"

"பாச்சா உருண்டை. மடிப்புக்கு ஒண்ணு," என்றான் பெருமையாக. "அந்த ஊரும் நம்ம ஊரு மாதிரியே சூடு, புழுக்கமாம். துணியில பூசணம் புடிக்கக் கூடாதில்ல? வச்சு நாலு நாளாச்சு."

"பூசணத்தை மோந்து பாக்கத்தானே என்னை அனுப்புறாங்க? இந்தத் துணியைக் கட்டிக்கிட்டு நின்னா எனக்கு வேற எது மணக்கும்?"

அவன் முகம் விழுந்துவிட்டது. அவளுடைய நல்ல துணியெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். துவைத்துப் போடலாமென்றால், வெளியே ஐப்பசித் துலா மழை இடியோடு இறங்கிக்கொண்டிருந்தது. விடிந்தால் விமானம்.

பொன்மணி குடையை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினாள். கிராம்பு பொறுக்கும் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சுப்ரியா சிரிப்புத் தாங்காமல் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சேச்சியை ஒரு பாச்சைகூட நெருங்கக் கூடாதுன்னு சேட்டன் பாத்திருக்கார்!"

மூத்தவள் அம்மிணி சிரிக்கவில்லை. "பவுடர், சென்ட்டு எதுவும் நம்ம யார் வீட்டுலயும் கிடையாது. வேலைத் துணியில கிராம்பு வாடை இருக்கும், வேலைக்குக் கட்டாத துணியா ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்கடி."

ஏழு மணிக்குள் பொன்மணி வீட்டுக்குத் துணிகள் வந்துசேர்ந்தன. அம்மிணியின் ஜாக்கெட்டுக்குள் இரண்டு பொன்மணி நுழையலாம். சுப்ரியாவின் சுடிதார் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பழைய பெட்டியிலும் வாடை ஏறியிருந்ததால், கல்ஃபுக்குப் போகிறவர்களைப் போல அட்டைப்பெட்டிதான் கதி. தெருமுனைக் கடைக்காரர் சோப்பு வந்த பெட்டியை நீட்டினார். அதை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி டம்ளர் வந்த பெட்டியை வாங்கிவந்தாள்.

ஆனந்தகுமார் தள்ளியே நின்றான். "நான் மடிக்கட்டுமா? கையை நாலு தடவை கழுவிட்டேன்."

"காட்டுங்க."

நீட்டிய உள்ளங்கைகளை அவள் முகர்ந்தாள். "சோப்பு மணக்குது. வெறும் தண்ணியில கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து, ஹோட்டல் மடிப்பிலேயே எல்லாவற்றையும் அடுக்கினான். மூடுவதற்கு முன் பொன்மணி குனிந்து முகத்தைப் பெட்டிக்குள் புதைத்தாள். அவன் கயிற்றைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றான். அவள் நிமிரவே இல்லை. ஒவ்வொரு துணியாக முகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே மணக்கல," என்றாள் கடைசியில். "கட்டுங்க."