மாப்பிள்ளை விசாரிக்கப் போய் சுஷி சாப்பிட்ட கதை

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.20. ஆம்பூர் பேருந்து நிலையத்தில் வேலூர் வண்டி ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் அக்கா போன் செய்தாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது முறை.

“யாருன்னு காட்டிக்காத. போ, சாப்டு, கண்ணால பாரு, வந்துரு. யாராவது கேட்டா ஆஸ்பத்திரிக்கு வந்தோம்னு சொல்லு.”

நல்ல யோசனைதான். வேலூரில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பாதி இந்தியா அங்கே ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறது.

விஷயம் இதுதான். என் அக்காவுக்கு ஒடுகத்தூரில் வீடு. ஒரே பெண் வினோதினி, அணைக்கட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சதீஷ், வயது இருபத்தொன்பது. ஜாதகம் பொருந்தியது, போட்டோ பிடித்தது. பெண்ணும் பையனும் இரண்டு தடவை போனிலும் பேசிவிட்டார்கள். பிறகுதான் பையனுக்கு என்ன வேலை என்று அக்கா நிதானமாக விசாரித்தாள். காட்பாடியில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் மாஸ்டர். மீனை அடுப்பில் வைக்காமல், அப்படியே வெட்டிச் சோற்றின் மேல் வைத்துக் கொடுப்பதுதான் வேலை; சுஷி என்று பெயராம்.

“மீனை வேக வெக்கத் தெரியாதவன்லாம் ஒரு மாஸ்டரா?” என்று அக்கா கொதித்துவிட்டாள். வினோதினி “போய்ச் சாப்ட்டுட்டு வந்து பேசுங்க” என்று மட்டும் சொன்னாள். ஆனால் அவளுக்கு இந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். போட்டோவைப் பார்க்காதது போல் பார்த்தாள்.

இன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தாய்மாமன் பார்த்துச் சொல்வதுதான் முடிவு என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், இரண்டு வாரமாக வாயே திறக்கவில்லை. நிலத்தில் வேர்க்கடலை போடுகிற மனுஷர். மழை வருமா என்று கேட்டால்கூட ஒரு நாள் யோசித்துத்தான் சொல்வார். அவரையும் அக்கா என்னோடு அனுப்பிவைத்தாள்.

காலை 10.45. ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். மாதனூர், பள்ளிகொண்டா என்று நெடுஞ்சாலையில் வண்டி நன்றாகவே ஓடியது. புதிய பேருந்து நிலையத்தில் ஒடுகத்தூர் வண்டி நிற்குமிடத்தில் மாமா எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். வெளுத்த வேட்டி, தேய்த்த சட்டை, கையில் மஞ்சள் பை. பையில் என்ன என்று கேட்டேன்.

“உங்க அக்கா எலுமிச்சங்கா சாதம் கட்டிக் குடுத்துருக்கா. ஒருவேளை அங்க சாப்பிட முடியாமப் போய்ட்டா?”

ஒரு ஆளுக்கு எழுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய், வரி தனி, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று போர்டு வைத்திருக்கிற கடைக்குக் கட்டுச்சோற்றோடு போன முதல் ஆள் என் மாமாவாகத்தான் இருப்பார்.

காலை 11.30. காட்பாடிக்கு டவுன் பஸ். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மாமா தலையை நீட்டி மணலைப் பார்த்தார். கல்லூரிப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு தெருவில், செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த இடம். வெளியே செருப்புகளின் குவியல். தோலும் ஷூவுமாக வாழ்கிற ஆம்பூர்க்காரன் கண் சும்மா இருக்குமா, குனிந்து இரண்டு ஜோடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று எங்கள் பக்கத்துச் சரக்குதான்.

உள்ளே ஏசி, பத்து மேசை, நீளமான ஒரு மரப்பலகைக் கவுன்ட்டர். நூர்ஜஹான் என்ற அம்மாள் பரிமாறினார். பேரணாம்பட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். சட்டத்தையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தார்: ஒன்றரை மணி நேரம்தான், வேண்டியதைச் சீட்டில் டிக் பண்ண வேண்டும், தட்டில் மிச்சம் வைத்தால் தனியாகக் காசு.

“அப்புறம் சார், அந்தப் பச்சையா இருக்குதே, அது சட்னி இல்ல, மூக்குக்கு ஏறுற காரம். தொட்டு வாயில போட்டா பேஜார் ஆய்டும். அளவா வெச்சுக்கோங்க.”

நல்லவேளை சொன்னார். நான் கரண்டியை எடுத்துவிட்டிருந்தேன்.

கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன்தான் சதீஷ் என்று போட்டோவை வைத்துக் கண்டுகொண்டேன். மாநிறம், ஒல்லி, தலையில் வெள்ளைத் தொப்பி. ஒரு பெரிய வஞ்சிரத் துண்டைப் பலகையில் வைத்தான். உடனே வெட்டவில்லை. இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், விரலால் ஒரு தடவு தடவினான், பிறகுதான் கத்தியை வைத்தான். நான் இருபத்தாறு வருஷமாக ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கிறவன். தோலிலும் அப்படித்தான், எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று பார்த்துவிட்டுத்தான் வெட்டும் அச்சை வைக்க வேண்டும். பார்க்காமல் வெட்டுகிறவனை ஒரே நாளில் வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவேன். வெட்டியபின் விழுந்த சின்னத் துணுக்குகளை அவன் வழித்துக் குப்பையில் தள்ளவில்லை. தனியாக ஒரு கிண்ணத்தில் சேர்த்து, பொடியாகக் கொத்தி, வேறொரு உருண்டைக்குள் வைத்தான். பாதி பாஸ் என்று மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

நண்பகல் 12.10. முதல் தட்டு வந்தது. கட்டைவிரல் நீளத்துக்குச் சோற்றுப் பிடி, அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் சால்மன் மீன், வெள்ளையாக வஞ்சிரம், மஞ்சளாக முட்டை. கறுப்புக் கடற்பாசித் தாள் சுற்றிய வெள்ளரிக்காய் உருண்டைகள் ஆறு. கண்ணை மூடிக்கொண்டு சால்மனைப் போட்டேன். தோல் வாடையில் வளர்ந்த மூக்கு, எதற்கும் அசராது, ஆனால் வாய்க்குத்தான் பயம். வைத்த மாத்திரத்தில் அது கரைந்து போனது. வாடை என்று எதுவுமே இல்லை. ஆறின சோறு, குளிர்ந்த மீன், கொஞ்சம் உப்பு. அடுத்து வஞ்சிரம். அடுத்து இன்னொரு சால்மன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்த காரியம் ஐந்து நிமிஷம் எனக்கு மறந்தே போனது. சீட்டில் நான் போட்ட டிக்குகளைப் பார்த்து நூர்ஜஹான் அம்மாள் ஒரு தரம் என்னையும் என் வயிற்றையும் பார்த்தார்.

மாமாவுக்குக் கதை வேறு. ஒரு முட்டைத் துண்டை எடுத்தார். மென்றார். நிறுத்தினார். இன்னொன்றை மோந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு நூர்ஜஹான் அம்மாளைக் கிட்டே கூப்பிட்டார்.

“அம்மா, சத்தம் போடாம உள்ள போய்ச் சொல்லு. வெயில் ஜாஸ்தி, சோறு புளிச்சுப் போச்சு. எங்களுக்குப் பரவால்ல. மத்த மேசைக்குப் போடாதீங்க. எல்லாம் ஊர் விட்டு ஊர் வந்து படிக்கிற புள்ளைங்க, வயித்துக்கு ஆகாது.”

ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் வயலில் நின்று பேசிப் பழகிய குரல், கடை முழுக்கக் கேட்டது. பக்கத்து மேசையில் நாலு பிள்ளைகள் பொங்கிப் பொங்கிச் சிரித்தார்கள். ஒருவன் இருமியே விட்டான். சால்மன் மயக்கத்தில் எனக்குப் புளிப்பே உறைக்கவில்லை; அந்தச் சோற்றுக்குப் புளிப்பு சேர்ப்பதுதான் முறை என்பதும் அப்போது தெரியாது. மாமாவின் காது சிவந்துவிட்டது. எனக்கு எழுந்து அந்தப் பிள்ளைகளை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது.

அதற்குள் சதீஷ் கவுன்ட்டரை விட்டு வெளியே வந்துவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டே அந்த மேசையை ஒரு பார்வை பார்த்தான். சிரிப்பு நின்றது. நேராக மாமாவிடம் வந்தான்.

“ஐயா, நீங்க சொன்னது தப்பில்ல. நம்ம ஊர்ல சோறு புளிச்சா கெட்டுப்போச்சுன்னுதான் அர்த்தம். இதுல காடி, அதான் வினிகர், ஊத்திப் பெசையிறோம், அதான் புளிக்குது. பெங்களூர்ல வேலை கத்துக்கப் போனப்ப நானும் மொத நாள் துப்பிட்டேன்யா. எங்க மாஸ்டர்கிட்ட திட்டு வாங்குனேன்.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். “நெஜமாவா?”

“நெஜமா. மத்த புள்ளைங்களுக்கு வயிறு கெடக் கூடாதுன்னு சொன்னீங்களே, இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட அப்டி வந்து சொன்னதில்ல. பிடிக்கலன்னா அப்டியே வெச்சுட்டுப் போய்டுவாங்க. இருங்க, உங்களுக்குப் புளிக்காத சோறா நான் வெச்சுத் தர்றேன்.”

“வேணாம் தம்பி, ஒன்றரை மணி நேரந்தான்னு சொன்னாங்களே.”

“அது கெடக்குது. நீங்க உக்காருங்க.”

மதியம் 12.55. அடுத்த அரை மணி நேரம் நான் கோட்டை விட்டதையெல்லாம் பிடித்தேன். இறால், சங்கரா, பிறகு பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒன்று. மொத்தம் இருபத்து மூன்று துண்டு. மாமா அசையாமல் கவுன்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சதீஷ் தனியாகச் சின்னப் பாத்திரத்தில் அரிசி களைந்து அடுப்பில் வைத்ததையும், நடுநடுவே மற்ற தட்டுகளை அனுப்பிக்கொண்டே வந்து மூடியைத் திறந்து பார்த்ததையும் அவர் ஒன்று விடாமல் பார்த்தார்.

தட்டை அவனே கொண்டுவந்தான். ஆவி பறக்கிற சோறு, கையால் பிடித்தது. மேலே வஞ்சிரம், பச்சையாக இல்லாமல் நெருப்பில் வாட்டி, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டது. மாமா ஒன்றைப் போட்டார். இன்னொன்றைப் போட்டார். எட்டு இருந்தது, எட்டும் போயிற்று. எனக்கு ஒன்று வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அதில் ஒரே சந்தோஷம்.

“எந்த ஊரு தம்பி?” என்றார் மாமா. அக்கா போட்ட உத்தரவு காற்றில் பறக்கப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மேசைக்கடியில் அவர் காலைத் தட்டினேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

“நாட்றம்பள்ளிங்க.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

சதீஷ் தொப்பியைச் சரி செய்துகொண்டான். “இல்லீங்கய்யா. எங்க கேட்டாலும் வேலையச் சொன்னதும் வேணாங்கறாங்க. இப்ப ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பொண்ணு கேட்ருக்கோம். நல்லா பேசுவாங்க, எதையும் நேரா சொல்லிடுவாங்க. அவங்க அப்பாதான் இன்னும் ஒண்ணும் சொல்லல. அவரு சொல்லிட்டாருன்னா போதும், மத்ததை நான் பாத்துக்குவேன்.”

நான் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது.

மாமா அவசரப்படவில்லை. கையைத் துடைத்தார். காலித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்:

“அவ காரம் ஜாஸ்தி போட்டுக்குவா, தம்பி. சின்ன வயசுலேர்ந்தே அப்டி. இந்த மாதிரி சப்புன்னு குடுத்தா ரெண்டு நாள்தான் சாப்புடுவா.”

சதீஷுக்குப் புரியச் சில நொடி பிடித்தது. மாமாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நீங்க…?”

“தாய்மாமன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். உள்ளேயிருந்து யாரோ ஆர்டரைக் கூவினார்கள், அவன் காதில் விழவில்லை. நூர்ஜஹான் அம்மாள்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு, “போ மாஸ்டர், நான் பாத்துக்கறேன், இன்னும் நாலு மேசை இருக்குது” என்று அவனைத் தள்ளிவிட்டார். போகும்போது நிலைப்படியில் இடித்துக்கொண்டான். சிரித்த பிள்ளைகள் மேசையிலிருந்து இப்போது கைதட்டல் கேட்டது. இந்தத் தலைமுறைக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறது.

பிற்பகல் 2.30. வேலூர் பேருந்து நிலையம். எலுமிச்சங்காய்ச் சாதத்தை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்து சாப்பிட்டோம். நான் எதற்குச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள், அக்கா கை ருசி. எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் நாக்குச் சுரீரென்றால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஜப்பான் சாப்பாட்டில் அது கிடையாது, சத்தமில்லாமல் வந்து போகிறது. ஆனாலும் அடுத்த மாதம் மனைவியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போவேன், அந்தச் சால்மனுக்காகவே. அதற்குள் என் வயிற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

ஒடுகத்தூர் வண்டி வந்து நின்றபோது அக்காவின் போன் வந்தது. நான் பேச வாயெடுத்தேன். மாமா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். அந்த முனையில் அக்கா கேள்விமேல் கேள்வியாகக் கேட்பது எனக்கே கேட்டது. பச்சை மீனா, வாடை அடித்ததா, ஆள் எப்படி, தம்பி என்ன சொல்கிறான், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது. மாமா அத்தனையையும் கேட்டு முடித்தார். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வயலில் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

“மீனு கெடக்குதுடி. மாப்ள சோறு நல்லா வடிக்கிறாரு.”